பாட்டிலும் படத்திலும் பறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிதை, ஓவியம், சிற்பம், இசை என்று எதைப் புரட்டினாலும் எங்கிருந்தோ ஒரு பறவை வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சில கேள்விகள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டன.

யானை, புலி, குதிரை என்று இத்தனை உயிர்கள் இருக்க, கலைஞர்களுக்குப் பறவைமேல் ஏன் இந்தப் பித்து?

பறக்கிறது, பாடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்பார்கள். சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சாதாரணக் காரணம் உண்டு: பறவை நம் கண்ணில் படுகிறது. பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை, மோப்பத்தை நம்பி வாழ்பவை. அவற்றின் பேச்சுவார்த்தையெல்லாம் வாசனையில் நடப்பதால் நமக்கு எட்டுவதில்லை. பறவைகளோ பெரும்பாலும் நம்மைப் போலப் பகலில் விழித்திருந்து, கண்ணையும் காதையும் கொண்டு பிழைப்பவை. ஒரு பறவை தன் ஜோடியை மயக்கக் காட்டும் நிறமும் எழுப்பும் குரலும் நமக்கும் அப்படியே வந்து சேர்கின்றன. நாடகம் நமக்காகப் போடப்பட்டதல்ல. ஆனாலும் முன்வரிசையில் இடம் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அது இரண்டு காலில் நிற்கிறது, கூடு கட்டுகிறது, ஜோடி சேர்கிறது, சண்டை போடுகிறது, குஞ்சுக்கு ஊட்டுகிறது. நம் குடும்பக் கதையை ஏற்றிச் சொல்ல வசதியான உடம்பு. அதே சமயம் கையை நீட்டினால் பறந்துவிடும். புலியைப் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டும். நாய் கூப்பிட்டால் காலடிக்கு வந்துவிடும். காட்டு உயிராக இருந்துகொண்டே ஜன்னலுக்கு வெளியில் வந்து உட்காருவது பறவைதான்.

இந்த ஆர்வம் எவ்வளவு பழையது?

எழுத்தைவிட, உழவைவிடப் பழையது. தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹோலெ ஃபெல்ஸ் குகையில், மாமூத் யானையின் தந்தத்தில் செதுக்கிய ஒரு நீர்ப்பறவை கிடைத்திருக்கிறது. நீளம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். வயது 30,000 ஆண்டுகளுக்கு மேல். கழுத்தை முன்னால் நீட்டி, சிறகை உடம்போடு ஒட்டவைத்திருக்கிறது.

பிரான்சின் ஷோவே குகை 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே ஓர் ஆந்தை இருக்கிறது. மெத்தென்ற சுவர்ப்பரப்பில் விரலால் கீறியது. முகம் நம்மைப் பார்க்கிறது. உடம்போ முதுகைக் காட்டுகிறது. ஆந்தை தலையை அப்படிப் பின்னால் திருப்பும் என்பதை வரைந்தவர் எங்கோ நின்று பார்த்திருக்கிறார். எனக்கு இந்த ஆந்தைமேல் தனிப் பிரியம். அது எதற்குச் சின்னம், எந்தத் தெய்வத்தின் வாகனம் என்றெல்லாம் சொல்ல நம்மிடம் எதுவுமே இல்லை. பார்த்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

அதே நாட்டின் லாஸ்கோ குகையில், சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட காட்சி வேறு மாதிரி. பறவைத் தலை கொண்ட ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான். பக்கத்தில் ஒரு கம்பின் நுனியில் பறவை. இங்கே பறவை வேறு எதையோ சுமக்கிறது என்பது தெரிகிறது. எதை என்பதில்தான் அறிஞர்களுக்குள் சண்டை ஓயவில்லை. பறவையைப் பார்ப்பது, பறவைமேல் ஒன்றை ஏற்றுவது: இந்த இரண்டும் அன்றிலிருந்தே மல்லுக்கு நிற்கின்றன. கீழே வரும் பதில்களிலும் நிற்கும்.

உயிரைப் பறவையாகச் சொல்வது எங்கிருந்து வந்தது?

ஓர் ஊற்றிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்க வேண்டும். மூச்சு நின்றதும் ஏதோ ஒன்று போய்விட்டது என்று தோன்றினால், போனதற்கு இறக்கை வைப்பதுதான் மனத்துக்கு எளிது. பழைய எகிப்தியர் 'பா' என்ற உயிர்க்கூற்றை மனிதத் தலையுள்ள பறவையாக வரைந்தார்கள். அது பகலில் வெளியே போய்விட்டு, கல்லறைக்குள் கிடக்கும் உடம்புக்குத் திரும்பி வரும்.

நம் குறளில் வரும் பறவை திரும்பாது. 'குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு' என்பது 338-ஆவது குறள். குடம்பை என்றால் கூடு என்று எளிதாகப் பொருள் சொல்லிவிடலாம். பரிமேலழகர் விடவில்லை. அது முட்டை ஓடு என்கிறார். கூடு பறவையோடு சேர்ந்து பிறப்பதில்லை. பறந்த பறவை கூட்டுக்குத் திரும்பியும் வரும். ஆகவே கூடு உடம்புக்கு உவமையாகாது என்பது அவர் வாதம். ஓட்டை உடைத்துப் போன குஞ்சு மறுபடி அதற்குள் நுழைய முடியாது. பறவை உவமையை இவ்வளவு கறாராகச் சோதித்த உரையாசிரியர்கள் குறைவு.

எகிப்தியர் ஏன் எழுத்தில்கூடப் பறவைகளை வைத்தார்கள்?

நைல் கரையில் அத்தனை பறவைகள். அவர்களுடைய சித்திர எழுத்தில் பறவைகளுக்கென்றே ஒரு பெரிய கூட்டம் உண்டு. கழுகு ஓர் ஒலி, காடைக்குஞ்சு ஓர் ஒலி. 'ம்' ஒலிக்கு ஆந்தை. மற்றப் பறவைகளெல்லாம் பக்கவாட்டில் நிற்க, ஆந்தை மட்டும் முகத்தை நம் பக்கம் திருப்பிப் பார்க்கும். ஷோவே குகையிலும் அப்படித்தானே பார்த்தது! ஆந்தைக்கு இரண்டு கண்ணும் நம்மைப் போல முன்பக்கம் இருப்பதால், அதைப் பக்கவாட்டில் வரைய யாருக்கும் மனம் வருவதில்லை போல.

எழுத்தைத் தாண்டி ஓவியம் என்றால் மெய்தூம் வாத்துகள். சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லறைச் சுவரில் தீட்டிய ஆறு வாத்துகள். மூன்று இடப்பக்கம், மூன்று வலப்பக்கம். ஓரத்தில் இருக்கும் இரண்டும் குனிந்து மேய்கின்றன. 1871-இல் கண்டெடுக்கப்பட்ட அந்தப் படத்தில் இறகு வரிசையைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். அண்மைக் காலத்தில் அது போலி என்று ஒருவர் கிளப்பிவிட, இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நான் மறுத்தவர்கள் கட்சி.

சங்கப் பாடல்களில் வரும் பறவைகள் நிஜமாகப் பார்த்து எழுதியவையா?

பல இடங்களில் சந்தேகமே வராது. குறுந்தொகையின் 46-ஆவது பாட்டில் மாமிலாடன் வீட்டுக் குருவியைச் சொல்கிறார்: 'ஆம்பற் பூவின் சாம்பல் அன்ன கூம்பிய சிறகர்'. வாடிய ஆம்பல் பூவைப் போல மடங்கிய சிறகு. சிட்டுக்குருவியின் முதுகில் இருக்கும் அந்தப் பழுப்பும் கறுப்பும் கலந்த மங்கலை வேறு எப்படிச் சொல்வது? அதோடு நிற்கவில்லை. அது முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது. பொதுவிடத்தில் கிடக்கும் எருவின் நுண்ணிய தூளைக் குடைந்து ஆடுகிறது. பிறகு வீட்டு இறவாணத்தில் குஞ்சோடு போய்த் தங்குகிறது. குருவி புழுதியில் குளிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றை மண்ணில் அழுத்திச் சிறகைச் சிலிர்த்து ஒரு சின்னக் குழியே பறித்துவிடும். 'குடைவன ஆடி' என்ற இரண்டு சொல்லில் அது முழுதாக இருக்கிறது.

இத்தனையும் எதற்காக? பிரிந்து போன காதலன் இருக்கும் நாட்டிலும் இப்படி ஒரு மாலை வராதா என்று ஒரு பெண் கேட்பதற்காக. குருவிகூட வீடு திரும்பிவிட்டது என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும்.

காக்கையைப் பாடியதாலேயே பெயர் பெற்ற புலவரும் உண்டு, காக்கைபாடினியார் நச்செள்ளையார். விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்ச்சோறு இட்டாலும் அது சிறிதுதான் என்கிறது அவர் பாட்டு (குறுந்தொகை 210). இதில் காக்கையின் நிறமும் இல்லை, நடையும் இல்லை. பார்த்து எழுதியதைவிட நம்பி எழுதியது அதிகம். ஆனால் அந்த நன்றியின் அளவு மறக்காது.

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்குமா? சகோரம் நிலவொளியைக் குடிக்குமா?

இரண்டும் இல்லை. ஆனால் சாதகப் பறவை மழைத்துளிக்காகக் காத்திருக்கும் என்ற கதையில் ஒரு பொறி உண்மை உண்டு. சாதகம் என்று சொல்லப்படும் சுடலைக்குயில், தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வருவது. மழையும் அதுவும் சேர்ந்து வருவதைப் பார்த்தவர்கள், அதற்குத் தாகம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காதலுக்கும் நட்புக்கும் பறவையையே தூது விடுவது ஏன்?

போகிற வழியில் மலையும் ஆறும் பகைநாடும் குறுக்கே வந்தால் தாண்டக்கூடியது அதுதான். பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்கு அன்னத்தைத் தூது விடுகிறார் (புறநானூறு 67). குமரித்துறையில் மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகும் அன்னமே, நடுவில் சோழநாடு வரும், அங்கே இறங்கு என்கிறார். வலசை போகும் பறவையின் திசை அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சத்திமுத்தப் புலவரின் 'நாராய் நாராய் செங்கால் நாராய்' இன்னும் ஒரு படி மேலே. அதன் அலகை 'பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்' என்கிறார். பனங்கிழங்கை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடியில் தடித்து நுனிக்குப் போகப்போகக் கூராகும் இரண்டு பாதிகள். அதற்குப் பவள நிறம் பூசினால் செங்கால் நாரையின் அலகு. சிவந்த கால், சிவந்த அலகு, குளிர்காலத்தில் தெற்கே வந்து வடக்கே திரும்பும் வழக்கம் என்று எல்லாம் பொருந்துகிறது. குளிரில் உடம்பைக் கையால் போர்த்திக்கொண்டு நடுங்கும் ஏழைப் புலவர், ஊரிலிருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்ல அதை வேண்டுகிறார். அந்த நிலையிலும் அலகை இவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கிறாரே!

தூது என்றதும் வெள்ளக் கதைகளையும் சொல்லவேண்டும். மெசொப்பொத்தேமியாவின் கில்கமெஷ் காவியத்தில், வெள்ளத்தில் தப்பியவர் புறா, தகைவிலான், அண்டங்காக்கை என்று வரிசையாக அனுப்புகிறார். முதலிரண்டும் இறங்க இடமில்லாமல் திரும்பிவிடுகின்றன. காக்கை திரும்பவில்லை, ஆகவே எங்கோ நிலம் இருக்கிறது. பைபிளின் நோவா கதையிலும் காக்கையும் புறாவும் உண்டு. அங்கே நல்ல பெயரைப் புறா தட்டிக்கொண்டு போய்விட்டது.

பாடுவது ஆண் பறவை என்கிறார்களே, கவிஞர்கள் ஏன் பெண்ணாக்கினார்கள்?

குயிலை எடுத்துக்கொள்வோம். 'குக்கூ' என்று ஏறிக்கொண்டே போகும் அந்தக் குரல் கறுப்பு நிற ஆணுடையது. பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி கொண்டது. அது 'கிக் கிக்' என்று கத்தும். யாரும் அதைப் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பாரதியின் குயில்பாட்டில் காதலைப் பாடுவது பெண் குயில். ஐரோப்பாவிலும் இதே கதைதான். கிரேக்கத் தொன்மத்தில் பிலோமெலா என்ற பெண் துயரத்தால் பறவையாகிறாள். அதைப் பிடித்துக்கொண்ட பிற்காலக் கவிஞர்களுக்கு நைட்டிங்கேல் என்ற பாடும் பறவை என்றாலே புலம்பும் பெண். 1819-இல் கீட்ஸ் எழுதிய புகழ்பெற்ற பாடலும் அதை ஒரு மரத் தேவதையாகவே விளிக்கிறது. இரவெல்லாம் பாடியது, ஜோடி கிடைக்காத ஓர் ஆண் பறவையாக இருந்திருக்கும்.

கவிஞர்களை ரொம்பக் கேலி செய்யவும் முடியாது. பெண் பறவை பாடாது என்று விஞ்ஞானிகளும் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்று காட்டியது. ஆளுக்கு ஒரு பக்கம் தவறியிருக்கிறார்கள்.

எந்தப் பறவைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் தரமுடியுமா?

தரமுடியும், தரமாட்டேன். ஆந்தை ஏதென்ஸ் நாணயத்தில் அறிவின் அடையாளம். வேறு பல இடங்களில் அது அலறினாலே அபசகுனம். அண்டங்காக்கை வட ஐரோப்பியக் கதைகளில் ஓடின் கடவுளுக்கு உலகச் செய்தி கொண்டுவரும் உளவாளி. போர்க்களப் பாட்டில் பிணந்தின்னி. பட்டியலை வைத்துக்கொண்டு கவிதை படித்தால் பட்டியலைத்தான் படிப்போம். இந்தப் பாட்டில், இந்த இடத்தில், இந்தப் பறவை என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

பறவை சாகும் கதைகள் ஏன் இத்தனை?

சின்ன உடம்பு, ஒரு கல்லில் போய்விடும். ராமாயணத்தின் தொடக்கத்தில், கூடியிருந்த கிரௌஞ்ச ஜோடியில் ஆணை வேடன் அம்பெய்து கொல்கிறான். துணையிழந்த பெண் பறவை அலறுகிறது. அதைப் பார்த்த வால்மீகியின் வாயில் வந்த சாபமே முதல் சுலோகம் என்பது மரபு. சோகம் சுலோகமானது. ஒரு காவிய மரபே தன் பிறப்பைச் செத்த பறவையிடம் வைக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆங்கிலத்தில் இதற்கு ஈடான சாவு 1798-இல் வந்தது. கோல்ரிட்ஜின் நெடும்பாடலில் ஒரு மாலுமி காரணமே இல்லாமல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையை அம்பெய்து கொல்கிறான். கப்பலுக்குக் கேடு சூழ்கிறது. செத்த பறவையை அவன் கழுத்தில் தொங்கவிடுகிறார்கள். இதன் விதை ஒரு பயணக் குறிப்பு. 1719-இல் தென்கடலில் ஹாட்லி என்ற கப்பல் அதிகாரி, கூடவே வந்த ஒரு கரிய அல்பட்ராஸைச் சுட்டதாக அதில் வருகிறது. அல்பட்ராஸைக் கொன்றால் பாவம் என்று எல்லா மாலுமிகளும் நடுங்கினார்கள் என்றும் எண்ணவேண்டாம். பிடித்துச் சமைத்துத் தின்றவர்களும் உண்டு.

அமெரிக்கக் கவி எட்கர் ஆலன் போவின் கவிதையில் வரும் அண்டங்காக்கைக்கு (1845) நிஜ உறவினர் ஒருவர் இருக்கிறார். சார்லஸ் டிக்கன்ஸ் கிரிப் என்ற அண்டங்காக்கையை வளர்த்தார், நாவல் ஒன்றிலும் வைத்தார். அந்த நாவலுக்கு விமர்சனம் எழுதிய போ, காக்கையை இன்னும் நன்றாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று குறைப்பட்டார். சில ஆண்டுகளில் தாமே பயன்படுத்திக் காட்டினார். பாடம் செய்த கிரிப் இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் பொது நூலகத்தில் இருக்கிறது.

ஓவியர்கள் உயிருள்ள பறவையைப் பார்த்தா வரைந்தார்கள்?

பாதிக்குப் பாதி. ஆடுபான் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1827 முதல் 1838 வரை வெளிவந்த அவருடைய அமெரிக்கப் பறவைகள் தொகுப்பில் 435 படங்கள். எல்லாம் பறவையின் உண்மையான அளவில். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத் தாள். அதிலும் பூநாரை அடங்கவில்லை. ஆகவே கழுத்தை வளைத்துத் தரையை நோக்கிக் குனியவைத்தார். தாளின் நெருக்கடியே படத்தின் அழகாகிவிட்டது. ஆனால் அந்தப் பறவைகளை அவர் முதலில் சுட்டார், பிறகு கம்பியால் கட்டி நிறுத்தி வரைந்தார். படத்தில் துடிப்பாகப் பாய்கிற பருந்து, மேஜையில் கம்பி குத்தப்பட்டு நின்ற ஒன்று. 1813-இல் ஒரு பயணத்தின்போது, பயணிப் புறாக் கூட்டம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு மூன்று நாள் கடந்துபோனதாக எழுதியிருக்கிறார். அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்தது. அவர் வரைந்த புறாக்கள் இப்போது படத்தில் மட்டும்தான்.

அழிந்துபோன டோடோப் பறவையின் கதை தலைகீழ். பலருக்கு மனத்தில் வருவது குண்டுப் பறவை. ஐரோப்பிய ஓவியர்கள் அப்படி வரைந்து பழக்கிவிட்டார்கள். முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அவையில் உஸ்தாத் மன்சூர் என்ற ஓவியர் இருந்தார். சுமார் 1625-இல் அவர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ அவ்வளவு பருமனில்லை. சுற்றிலும் மற்றப் பறவைகள் நிற்க, அது பாட்டுக்கு நடந்துபோகிறது. இந்தியாவுக்கு உயிரோடு வந்த டோடோவைப் பார்த்து வரைந்தது என்பதால், இருக்கும் படங்களில் மிக நம்பகமானவற்றுள் ஒன்றாக இதை எண்ணுகிறார்கள்.

சீனப் பேரரசர் ஹுய்சோங்கையும் விடமுடியாது. அரசாட்சியைவிட ஓவியத்தில் கெட்டிக்காரர். அவர் வரைந்த மூங்கில் கிளைக் குருவிகளின் கண்ணைப் பாருங்கள். மையால் வைத்த புள்ளி இல்லை. ஒரு துளி கறுப்பு அரக்கு. பட்டுத் துணியைவிட்டு மேலே புடைத்து நிற்பதால் வெளிச்சம் பட்டதும் உயிருள்ள கண்போலப் பளபளக்கும். 1112-இல் அரண்மனைக் கூரைமேல் இருபது கொக்குகள் வந்து சுற்றியதை நற்சகுனம் என்று அவர் வரைந்தார். 1127-இல் தலைநகர் வீழ்ந்தது. பேரரசர் கைதியாகவே செத்தார். கொக்குகள்மேல் குற்றமில்லை.

சங்கிலியில் கட்டிய அந்தச் சின்னப் பறவை ஓவியம் ஏன் இத்தனை புகழ்?

டச்சு ஓவியர் கேரல் ஃபப்ரீஷியஸ் 1654-இல் தீட்டிய கோல்ட்ஃபின்ச். ஒரு பெரிய புத்தக அளவுதான். வெளிறிய சுவர், ஒரு தீனிப்பெட்டி, மேலே கம்பி, காலில் மெல்லிய சங்கிலியோடு ஒரு பறவை. கிண்ணத்தைக் கயிற்றில் கட்டி நீர் இறைத்துக் குடிக்க அந்த இனத்தைப் பழக்குவார்கள். டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே நீர் இறைப்பதை ஒட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் இறகென்று தனியாக ஒன்றும் இல்லை, ஈரமான வண்ணத் தீற்றல்கள்தான். நாலடி பின்னால் வந்தால் பறவை திரும்பிப் பார்க்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் டெல்ஃப்ட் நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் ஓவியர் 32 வயதில் இறந்தார். இந்தத் தகவல் தெரிந்தபின் படத்தைத் தெரியாதமாதிரி பார்ப்பது கஷ்டம்.

லியனார்டோவின் கழுகுக் கனவு என்கிறார்களே?

கழுகு அல்ல, பருந்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொட்டிலில் கிடந்தபோது ஒரு பருந்து வந்து வாலால் தன் வாயைத் திறந்து உதட்டில் தட்டியதாக லியனார்டோ டா வின்சி ஒரு குறிப்பு எழுதினார். 1910-இல் ஃபிராய்டு இதை வைத்து ஒரு சிறுநூலே எழுதினார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் பருந்து பிணந்தின்னிக் கழுகாகிவிட்டது. எகிப்தியத் தாய்த்தெய்வம் முத் கழுகுத் தலை கொண்டவள் என்பதுவரை வாதம் போயிற்று. இன்னொருவர் லியனார்டோவின் ஓவியத்தில் மரியாளின் ஆடை மடிப்பில் கழுகு உருவத்தையே கண்டுபிடித்துவிட்டார்! இல்லாத பறவை.

லியனார்டோவுக்குப் பருந்தின் வால் ஏன் நினைவில் நின்றது என்பதற்கு எளிய காரணம் இருக்கிறது. சுமார் 1505-இல் பறவைகளின் பறத்தலைப் பற்றியே ஒரு குறிப்பேடு எழுதியவர் அவர். பருந்து வாலைத் திருப்பித் திசை மாற்றுவதை நின்று பார்த்தவர். கழுகையும் பருந்தையும் வல்லூறையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பழக்கம் நமக்கும் உண்டு. ஃபிராய்டை மட்டும் சிரிக்கவேண்டாம்.

பறவை மாதிரியே இல்லாத ஒன்றைப் 'பறவை' என்பது நியாயமா?

இதை நீதிமன்றமே விசாரித்திருக்கிறது. பிரான்குசியின் வெண்கலச் சிற்பம் ஒன்று, 'வெளியில் பறவை' என்று பெயர், 1926-இல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்தது. சிறகில்லை, அலகில்லை, கண்ணில்லை. மேல்நோக்கி எழும் பளபளப்பான ஒரு வளைவு. கலைப்படைப்புக்கு வரி கிடையாது. ஆனால் சுங்கத்துறை அதைச் சமையலறைச் சாமான், மருத்துவக் கருவி வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டது. வழக்கு நடந்தது. காட்டில் இதைப் பார்த்தால் சுடுவீர்களா என்று சாட்சியிடம் நீதிபதி கேட்டார். மாட்டேன் என்றார் சாட்சி. 1928-இல் தீர்ப்பு சிற்பிக்குச் சாதகமாக வந்தது: இயற்கைப் பொருளை அச்சாகக் காட்டாவிட்டாலும் அது கலைதான். பிரான்குசி வடித்தது பறவையை அல்ல, அது எழும்பும் அந்த நொடியை என்பது என் அபிப்பிராயம். அதற்கு அலகு எதற்கு?

சமாதானப் புறா?

1949-இல் பாரிசில் நடந்த அமைதி மாநாட்டுச் சுவரொட்டிக்குப் பிக்காசோவின் புறா. வரைவதற்கு மாதிரி, ஓவியர் மத்தீஸ் கொடுத்த வளர்ப்புப் புறா. அதே மாதம் பிறந்த மகளுக்குப் பலோமா என்று பெயர் வைத்தார். ஸ்பானிய மொழியில் புறா. கூண்டில் அடைத்தால் ஒன்றையொன்று கொத்திக் குதறக்கூடியவை புறாக்கள் என்று விலங்கியலாளர் கொன்ராட் லாரன்ஸ் எழுதியிருக்கிறார். சுவரொட்டியில் அதற்கு இடமில்லை.

இசைக்காரர்கள் பறவையிடமிருந்து எடுத்தார்களா?

எடுத்தார்கள், ஒருமுறை கொடுக்கவும் செய்தார்கள். பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஆறாவது சிம்ஃபனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் நைட்டிங்கேல், காடை, குக்கூ மூன்றும் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட்டில் வருகின்றன. பெயரையும் தாளில் எழுதிவைத்தார். ரெஸ்பிகி 1924-இல் இன்னும் துணிந்து, நைட்டிங்கேல் குரல் பதிந்த இசைத்தட்டையே மேடையில் ஓடவிட்டார். மெசியான் பறவைகளின் பாட்டைக் குறித்துக்கொண்டு வந்து பியானோவுக்கு எழுதினார்.

கொடுத்த கதை மொசார்ட்டுடையது. 1784 மே 27 அன்று, மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் ஒன்றை வாங்கினார். கணக்குப் புத்தகத்தில் விலைக்குப் பக்கத்தில் அது பாடிய மெட்டையும் எழுதினார். அவர் சில வாரங்களுக்கு முன் முடித்த பியானோ கான்செர்ட்டோவின் மெட்டு, சுரம் சற்றே பிசகியிருந்தது. அடியில் 'அழகாக இருந்தது' என்று ஒரு குறிப்பு. பறவைக்கு அந்த மெட்டு எப்படித் தெரிந்தது? கடையில் அவரே சீட்டியடித்திருக்கலாம். மூன்றாண்டு கழித்து அது செத்தபோது புதைத்து, ஒரு கவிதையும் எழுதினார்.

பறவைகளையே பாத்திரங்களாக வைத்த காவியத்தில் ஒன்றைப் படிக்கச் சொன்னால்?

பாரசீகக் கவி அத்தாருடையது. கொண்டலாத்தி தலைமையில் பறவைகள் தங்கள் அரசன் சீமுர்க்கைத் தேடிப் போகின்றன. கடைசியில் மிஞ்சுவது முப்பது. பாரசீகத்தில் 'சீ முர்க்' என்றால் முப்பது பறவை. முழு நூலும் இந்தச் சிலேடையை நோக்கித்தான் பறக்கிறது.

பழைய பாட்டில் வரும் பறவை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயரை நம்பவேண்டாம், ஒரே பெயர் நூற்றாண்டுகளில் பல பறவைகளுக்கு மாறிப்போயிருக்கும். கால், அலகு, இரை, நிற்கும் இடம், வரும் பருவம் ஆகியவற்றைப் பாருங்கள். ஓர் உதாரணம் போதும். குறுந்தொகை 25, கபிலர். தன்னோடு கூடியவன் கைவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் தவிக்கிறாள். அந்த இடத்தில் சாட்சி யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது: 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு'.

குருகு என்பது நீர்ப்பறவைகள் பலவற்றுக்குப் பொதுப்பெயர்போல வரும் சொல். ஆனால் 'சிறுபசுங்கால்' என்று சொல்லிவிட்டார். வெள்ளைக் கொக்குகளில் சின்னக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் கால் கறுப்பு. தினைத் தாளைப் போன்ற மெல்லிய பசுமஞ்சள் கால், ஓடுகிற நீரோரம் அசையாமல் நின்று மீன் பார்க்கும் பழக்கம் என்றால், மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் சொல்கிறோமே, அதுதான் எனக்குத் தோன்றுகிறது. மண் நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கும்போது அது இருப்பதே தெரியாது. எழும்பும்போதுதான் வெள்ளைச் சிறகு விரிந்து, அட, இங்கேயா இருந்தது என்று திடுக்கிடவைக்கும். இருந்த ஒரே சாட்சியும் இப்படிப்பட்டது. அதுவும் இவர்களைப் பார்க்கவில்லை, ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் மட்டும் அந்த நேரத்திலும் அதன் காலைப் பார்த்திருக்கிறாள்.